வெள்ளைத்துரையின் வலது கை

போடியில் வெள்ளைத்துரையின் முகத்தை அறியாதவர்கள்கூட அவர் உலர்த்திய காயை அறிவார்கள். ஏலக்காய்க் கடைகளில் சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனதும், "இது வெள்ளைத்துரை காயில்ல?" என்று கேட்கிற வியாபாரிகள் அப்போது இருந்தார்கள். மலையில் பறித்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, வெளியே அடுப்பு மூட்டி, அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியே உள்ளே ஓடவிட்டு உலர்த்துகிற அறைக்கு ஸ்டோர் என்று பேர். சூடு கூடினால் காய் வெளுத்துப்போகும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத்துரை கதவைத் திறக்க மாட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "ரெண்டு வெறக வெளிய இழு" என்பார். அவ்வளவுதான். மறுநாள் காய் பச்சை குன்றாமல் வெளியே வரும்.

இதற்கெல்லாம் கால் தேவைப்படவில்லை. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இடது கால் சூம்பிப்போயிருந்தது. அந்தக் கால் செய்ய வேண்டிய வேலையை வலது கை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கை சும்மா இருந்ததே இல்லை. கம்பு, கதவு நிலை, பஸ்சின் கம்பி, பக்கத்தில் நிற்பவரின் தோள் என்று எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தது. தூங்கும்போதுகூட கட்டில் சட்டத்தைப் பற்றியிருக்கும் என்று அவர் மனைவி குருவம்மாள் சொல்வாள். வலது தோள் திரண்டு உயர்ந்து நிற்க, இடது தோள் அதற்குக் கீழே ஒதுங்கியிருந்தது. சட்டை தைக்கிறவர் இரண்டு தோளுக்கும் தனித்தனியாக அளவெடுப்பார்.

சொந்தக்காரர்களுக்கு அவர் மேல் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தில் அவரை எங்கேயாவது உட்கார வைத்துவிடவே பார்த்தார்கள். சொந்த ஊரான சிலமலையில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தங்கபாண்டியன், போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடையை அவருக்காகப் பார்த்து வைத்திருந்தார்.

"வெயில்ல அலையாம மழையில நனையாம, உக்காந்த எடத்துல ஏவாரத்தப் பாரு அப்பு. இந்தக் கால வச்சுக்கிட்டு ஒனக்கு எதுக்கு மலை?"

வெள்ளைத்துரை வெற்றிலையைத் துப்பிவிட்டு, இந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் அந்தப் பெட்டிக்கடை அவருக்கு மிக அருகில் வந்துவிட்டது. அதுவரை அவர் வேலை பார்த்த தோட்டம் போடிமெட்டு ரோட்டை ஒட்டியிருந்தது. ஜீப்பு ஸ்டோர் வாசல்வரை போகும். அந்தத் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் தங்களுக்குப் பழக்கமான ஸ்டோர்க்காரரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்கள். ரோட்டுப் பக்கத் தோட்டங்களில் வேறெங்கும் இடமில்லை. பெத்துராஜ் முதலாளியின் நெட்டைப்பாறைத் தோட்டத்தில் மட்டும் ஆள் தேவைப்பட்டது. அங்கே ஜீப்பு போகாது. முந்தலில் பஸ்சை விட்டு இறங்கி, மலைச்சுவரைக் கீறினாற்போல் போகிற குறுகிய பாதையில் ஏற வேண்டும். விடிந்ததும் புறப்பட்டால் உச்சி சாய்வதற்குள் போய்விடலாம். நல்ல கால் உள்ளவர்கள் போகிற கணக்கு அது.

பெத்துராஜ் இரக்கமுள்ள மனிதர். ஆனாலும் தோட்டம் நடத்துகிறவர். போடியிலிருந்த தன் கடையில் வைத்து வெளிப்படையாகவே சொன்னார்.

"ஒன் கைப்பக்குவம் எனக்குத் தெரியாததில்ல வெள்ளைத்துர. ஆனா சீசன் முழுக்க ஏறணும், எறங்கணும். வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா வந்து போகணும். ஒவ்வொரு தடவையும் ஒன்னத் தூக்கிட்டு வர ஆள் விட்டா, காய் எடுக்க எவன் இருப்பான்?"

"தூக்க வேணாம் மொதலாளி. குதிரையில வர்றேன்."

பெத்துராஜ் சிரிக்கவில்லை. அதே வேலையைக் கேட்டு வந்து பக்கத்தில் நின்றிருந்த ராசிங்காபுரத்துக் கன்னையன் சிரித்தான்.

"தொர குதிரையேறப் போறாராம்ல! பேருக்கேத்தாப்ல ஒரு தொப்பியும் வாங்கிக் குடுங்க மொதலாளி."

"நீ சும்மா இரப்பா," என்றார் பெத்துராஜ். பிறகு வெள்ளைத்துரையிடம், "ஆவணி பொறந்தா மொதக் காய் எடுப்போம். அதுக்கு முந்தி ஒத்தையா மேல வந்து சேர்ந்துட்டா ஸ்டோரு ஒனக்கு. இல்லேன்னா கன்னையன் இருக்கட்டும். மனசுல வச்சுக்கிடக் கூடாது," என்றார்.

ஆடி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

மலைத்தோட்டங்களுக்கு அரிசி, உப்பு, சீமெண்ணெய் எல்லாம் மட்டக்குதிரைகளின் முதுகில்தான் போகும். அந்தக் குதிரைகளை வைத்திருந்த ராக்கையா, குருவம்மாளுக்குச் சித்தப்பா மகன். சங்கதியைக் கேட்டதும் ராக்கையா தன் குதிரைகளில் சாதுவான செவலையை அவிழ்த்து விட்டார். பழைய சேணம் ஒன்றும் அவரிடம் கிடந்தது.

"எப்பிடி உக்காரணும் மச்சான்?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"அத என்கிட்டக் கேட்டா? வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து குதிரைக்குப் பின்னால நடக்குறவன் நான். ஒரு நாளும் மேல ஏறினதில்ல. நான் ஏறுனா அரிசி மூட்டைய யாரு சொமக்குறது, நீயா?"

போடியில் குதிரை வைத்திருந்த எல்லோருமே ராக்கையாவைப் போலத்தான். குதிரைக்கு என்ன நோய், எந்தக் காலில் வலி, எந்த வளைவில் அது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அத்துபடி. அதன் முதுகில் ஒரு மனிதன் எப்படி உட்கார வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

முதல் தடவை ராக்கையாவின் லோடு குதிரைகளுக்கு முன்னால் செவலையின் மேல் ஏறிப் போனார் வெள்ளைத்துரை. அடிவாரம்வரை ஒன்றும் தெரியவில்லை. பாதை குறுகி, வலது பக்கம் மலைச்சுவரும் இடது பக்கம் பள்ளமுமாக ஆனபோதுதான் தெரிந்தது: செவலை பள்ளத்தை ஒட்டியே நடக்கிறது. சுவர்ப் பக்கம் தாராளமாக இடம் இருந்தும் அதன் குளம்பு வெளி ஓரத்திலேயே விழுகிறது.

அது அதனுடைய புத்திசாலித்தனம். மூட்டை ஏற்றினால் இருபுறமும் புடைத்துக்கொண்டு நிற்கும். சுவரோரமாக நடந்தால் மூட்டை பாறையில் இடித்துக் குதிரையைப் பள்ளத்தில் தள்ளிவிடும். அதனால் லோடு குதிரைகள் எல்லாமே வெளி ஓரத்தில்தான் நடக்கும். செவலைக்கு வெள்ளைத்துரையும் ஒரு மூட்டை. ஆனால் மூட்டைக்குப் பள்ளம் தெரியாது. வெள்ளைத்துரைக்குத் தெரிந்தது.

அவர் உடம்பு தன்னையறியாமல் மலைப் பக்கம் சாய்ந்தது. வலது கை, காலமெல்லாம் செய்து பழகியதைச் செய்தது. எதையாவது பிடித்துத் தொங்க வேண்டும். கையில் இருந்தது கடிவாளக் கயிறு. அதைப் பற்றி நெஞ்சுவரைக்கும் இழுத்தார். செவலையின் தலை சுவரை நோக்கித் திரும்பியது. தலை உள்ளே வர, பின்பக்கம் பள்ளத்தை நோக்கிப் போனது. பின்னங்குளம்பு தட்டிய கற்கள் உருண்டு, அவை போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் இன்னும் பலமாக இழுத்தார். சாய்ந்த உடம்போடு சேணமும் வலப்பக்கம் நழுவியது. சுவரோரம் மண்டிக்கிடந்த உன்னிப் புதருக்குள் தலைகுப்புற விழுந்தார்.

"லோடு சரிஞ்சிருச்சேய்!" என்று பின்னாலிருந்து கத்தினார் ராக்கையா. வேறெப்படிக் கத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

செவலை நின்ற இடத்திலேயே நின்று புல் கடித்தது. வெள்ளைத்துரையால் தரையிலிருந்து தானாகச் சேணத்தில் ஏற முடியவில்லை. ராக்கையா அரிசி மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்து, கீழே கூட்டிவந்தார்.

"அது மேல குத்தமில்ல மாப்ளே," என்றார் வழியில். "தலைய உள்ள இழுத்தா பின்னம்பக்கம் வெளிய போகாம வேற எங்க போகும்? ஒன்ன எவன் இழுக்கச் சொன்னான்?"

"நானா இழுத்தேன்? கையில்ல இழுத்துச்சு."

மறுநாள் போடி முழுக்கப் பேச்சாகிவிட்டது. டீக்கடையில் கன்னையன், "தொரைக்கு உன்னிச்செடிதான் மெத்தையாம்," என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. சிலமலையிலிருந்து தங்கபாண்டியன் வந்தார். காயத்தைப் பார்த்தார், கண் கலங்கினார், "கடைக்காரன்கிட்டச் சொல்லிட்டேன் அப்பு, ஆவணிக்கு நீ உக்காந்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கண்ணீர் கன்னையனின் கேலியைவிட வெள்ளைத்துரையை அதிகம் வருத்தியது. கேலி பண்ணுகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம். அழுகிறவரை என்ன செய்வது?

குருவம்மாள் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் காய் புடைத்துப் பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் வந்து, கயிறு அறுத்த உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கயித்த எப்பிடிப் புடிச்சிருந்தீக மாமா? காட்டுங்க, பாப்போம்."

ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி, ஸ்டூலில் உட்கார்ந்து பிடித்துக் காட்டினார். குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"இது குதிரை ஓட்டுற கையில்ல மாமா. கம்பம் பஸ்சுல எடம் கெடைக்காம கம்பியப் புடிச்சுத் தொங்குற கை!"

வெள்ளைத்துரை அன்று சாப்பிடவில்லை. பாதி நேரம் கோபம். மீதி நேரம் அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், முதல்முறையாகப் பார்ப்பது போல. விடியற்காலையில் மனைவியை எழுப்பினார்.

"ஏத்தா, ஆத்துக்கு வா. நான் உக்கார்றேன், நீ நின்னு பாரு. சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க. ஆனா என்ன தப்புன்னு சொல்லிட்டுச் சிரி."

கொட்டகுடி ஆற்றங்கரை மணலில், கிட்டங்கிக்குப் போகிற நேரம் வரும்வரை குருவம்மாள் பார்த்தாள். முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் போய் நின்று பார்த்தாள். குதிரையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குவியலில் ஒரு வெளுத்த காய் கிடந்தால் கண்ணில் படுகிற பழக்கம் உண்டு.

"நீங்க குதிரை மேல உக்காரவே இல்ல மாமா. வலது பக்கமா தொங்குறீக. முதுகெலும்பு அரிவா மாதிரி வளைஞ்சிருக்கு."

இடது தொடையில் சதை இல்லை. அதனால் இடுப்பு ஒரு பக்கம் சரிவாகவே இருந்தது. நாற்காலியில் அது தெரியாது, குதிரை காட்டிக்கொடுத்துவிட்டது. குருவம்மாள் ஒரு சாக்கை மடித்து அவருடைய இடது இடுப்புக்கடியில் செருகினாள். போதவில்லை. இன்னொரு மடிப்பு வைத்தாள். இடது பாதம் கால்வளையத்தில் நிற்காமல் நழுவியது. ராக்கையா ஒரு பழைய டயர்ச் செருப்பை அந்த வளையத்தோடு சேர்த்துக் கட்டி, பாதத்தை அதற்குள் நுழைத்துவிட்டார். பாதம் தங்கியது.

அன்றைக்கு வெள்ளைத்துரை தன் இரண்டு இடுப்பெலும்பும் ஒன்று போலச் சேணத்தில் பதிவதை உணர்ந்தார். யாரோ இன்னொருவருடைய உடம்பில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தலை நேரானது. தோளும் இடுப்பும் குதிகாலும் தூக்குக்குண்டு விட்டாற்போல ஒரே கோட்டில் வந்தன. எதையும் பிடிக்காமல் நேராக உட்கார முடிகிறது என்பது அவருக்கு அந்த வயதில் கிடைத்த செய்தி.

ஆனால் கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. செவலை நாலு எட்டு வைத்ததும் வலது கை மெல்ல மேலே ஏறும், முழங்கை வெளியே விரியும், முஷ்டி இறுகும். அவசியமே இல்லாமல் காவல் காக்கிற ஒரு பழைய காவல்காரன். வெள்ளைத்துரை அதைக் கீழே இறக்குவார். வேறு யோசனையில் இருக்கும்போது அது திரும்ப ஏறிவிடும். செவலை வாய் வலித்துத் தலையை உதறும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, குருவம்மாள் கிட்டங்கியிலிருந்து ஒரு முறத்தைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு கை ஏலக்காய் இருந்தது.

"இதப் புடிங்க."

"குதிரையிலயா?"

"கயித்த விரல்ல கோத்துக்கிட்டு இதப் புடிங்க. சிந்தாம ஓட்டுங்க."

"நான் என்ன பொம்பளை வேலையா பாக்கணும்?"

"பொம்பளைக பொடைச்சுக் குடுக்கலேன்னா ஒங்க காயி கடைவாசலுக்கே போகாது. புடிங்க."

வெள்ளைத்துரை சுற்றுமுற்றும் பார்த்தார். ஆற்றில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தை வாங்கிக்கொண்டார்.

கிட்டங்கியில் முறம் பிடிக்கிற பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கும். முன்கை அளவாக நீண்டிருக்கும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, மணிக்கட்டு மட்டும் தளர்ந்து ஆடும். முதுகு வளையாது, வளைந்தால் பொழுதுக்கும் புடைக்க முடியாது. இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருக்கும்; ஒன்று ஏறினால் காய் மறுபக்கம் கொட்டிவிடும்.

வலது கை ஏறிய மறுகணமே காய் மணலில் சிதறியது. செவலை திரும்பிப் பார்த்து, முறத்தின் ஓரத்தை ஒரு கடி கடித்தது. துறையில் ஒரே சிரிப்பு. சோலையம்மாள் என்பவள் ஈரச்சேலையை உதறிக்கொண்டே கத்தினாள்:

"ஏ குருவம்மா! காய் பொடைக்க ஆளு பத்தலேன்னா எங்களக் கூப்பிட வேண்டியதுதான? குதிரைய எதுக்குடி கூப்பிட்ட?"

"ஒன்னவிட அது சுத்தமாப் பொடைக்கும்டி!" என்றாள் குருவம்மாள்.

வெள்ளைத்துரையும் சிரித்துவிட்டார். சிரித்தபோது தோள் இறங்கியது. அதைக் குருவம்மாள் கவனித்தாள்.

"அந்தா! அப்பிடியே வச்சுக்கங்க. அப்பறம், மொறத்தப் பாக்காதீக. கையப் பாத்தா சிந்தும். நாங்க எங்க கையப் பாக்குறோம்? எதுத்தாப்ல இருக்கவ மூக்குத்திய இல்ல பாப்போம்."

செவலைக்கு மூக்குத்தி இல்லை. அதன் இரண்டு காதுகளுக்கு நடுவே தெரிந்த மலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது சாதாரண உழைப்பு இல்லை. ஒரு முழு ஆயுளின் பழக்கத்தை ஆடி மாதத்துக்குள் கையிலிருந்து எடுத்துப் போட வேண்டியிருந்தது. காலையும் மாலையும் மணலில் வட்டமடித்தார். காய் சிந்தச் சிந்த, குருவம்மாள் இல்லாத நேரங்களில் செவலையிலிருந்து இறங்க முடியாமல், துறைக்கு வந்த பெண்களிடமே பொறுக்கித் தரச் சொல்லிக் கேட்டார். முதலில் கேலி செய்தவர்களே பிறகு, "வெரசா வாங்கண்ணே, இன்னைக்கு எத்தன காய் சிந்துறீகன்னு பாப்போம்," என்று காத்திருந்தார்கள். இறுக்கிப் பிடிக்கிற விரல்களுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பச்சைக் காய் பதமாக இருக்கிறதா என்று பார்க்க, கசங்காமல் விரலுக்குள் மூடித் திறப்பது அவர் வழக்கம்; அந்த அளவுக்குமேல் கயிற்றை மூடக் கூடாது என்று வைத்துக்கொண்டார். அந்த அளவு அவர் கைக்கு நன்றாகத் தெரியும். கை மெல்ல மெல்ல அதை ஒப்புக்கொண்டது. விரலை மூடினால் செவலை நிதானித்தது, திறந்தால் நடந்தது. முறத்தை எடுத்த பிறகும் கைகள் முறம் பிடித்த இடத்திலேயே நின்றன.

"கையில ஒண்ணும் கோளாறில்ல குருவம்மா," என்றார் ஒரு நாள். "எல்லாம் இடுப்புல. இடுப்பு சரியா உக்காந்தா கைக்கு வேலையில்ல. வேலையில்லாத கைதான் குதிரைகிட்டப் பேசும் போல."

"நல்லாப் பேசுறீக. மேல போயிக் காட்டுங்க," என்றாள் அவள்.

ஆடி முடியப்போகிற ஒரு காலை, முந்தலில் ஒரு பாலச்சுவரின் மேல் ஏறி நின்று செவலையில் அமர்ந்தார். குருவம்மாள் மடித்த சாக்கைச் செருகி, துணிமூட்டையை அவர் முதுகில் கட்டிவிட்டாள்.

"வழியில எறங்கிறாதீக மாமா. எறங்குனா ஏத்திவிட ஆள் இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

அவள் நின்றுகொண்டிருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. திரும்பினால் இடுப்பு சரியும். பார்க்கவில்லை.

பாதை குறுகியதும் செவலை வழக்கம்போலப் பள்ளத்தோரம் போனது. போகட்டும் என்று விட்டார். ஆடிக்காற்று கீழிருந்து மேலே அடித்தது. இடது பக்கம், அவருடைய செருப்புக்கு அப்பால், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு வெகு கீழே பருத்திக்காடும் தென்னந்தோப்பும் தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகளும். உடம்பு மலைப் பக்கம் போகத் துடித்தது. அவர் செவலையின் காதுகளுக்கு நடுவே பார்த்தார். சேணத்தில் இரண்டு எலும்பும் பதிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பதிந்தது. உன்னிப் புதர் வந்தது. போன தடவை அவர் முறித்த கிளைகள் துளிர்விட்டிருந்தன. கடந்து போனார்.

அதற்கு இரண்டு வளைவு தாண்டி மணிச்சத்தம் கேட்டது. எதிரே லோடு குதிரைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. முதுகில் இலவம்பஞ்சு மூட்டைகள். பஞ்சு மூட்டைக்குக் கனம் குறைவு, ஆனால் பாதையையே அடைத்துக்கொண்டு வரும். முன்னால் வந்த குதிரைக்காரர் மலைச்சாமி கையை ஆட்டினார். மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. லோடோடு இறங்குகிற குதிரைக்கு வெளி ஓரம் சொந்தம். வெறுமனே ஏறுகிறவன் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

"எறங்கிக் குதிரைய உள்ள புடிய்யா!" என்று கத்தினார் மலைச்சாமி. "எங்க குதிரை நிக்காது, எறக்கம்!"

"எறங்க முடியாது! நீங்க வாங்க!"

"பஞ்சு மூட்ட இடிச்சா கீழ போயிருவ!"

செவலை வெளி ஓரத்தில் நின்றது. அது பிறந்து வளர்ந்த பாடம் அது. அதைச் சுவரோரம் கொண்டுபோக வேண்டும், அதுவும் பின்பக்கம் வெளியே போகாமல். வெள்ளைத்துரையின் வலது தோள் ஏறத் தொடங்குவதை அவரே உணர்ந்தார். கை கம்பியைத் தேடியது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். புதர்கூட இந்த இடத்தில் இல்லை.

மூச்சை வெளியே விட்டார். தோள் அதோடு இறங்கியது. முழங்கைகள் விலாவுக்கு வந்தன. கயிற்றை இழுக்கவில்லை. இரண்டு கையையும் மட்டம் குலையாமல் ஒரு விரல் அகலம் வலப்பக்கம் நகர்த்தி, வலது விரல்களைக் காயை மூடுவது போல மூடினார். திறந்தார். மூடினார்.

செவலையின் வலது காது அவர் பக்கம் திரும்பியது. ஒரு கணம் அது யோசித்தது. பிறகு முன்னங்காலை உள்ளே வைத்தது. பின்னங்காலும் அதே கோட்டில் கூடவே வந்தது. இன்னொரு எட்டு. சுவரோரமாக, பாறையை ஒட்டி, அசையாமல் நின்றது.

பஞ்சு மூட்டைகள் அவருடைய இடது முழங்காலை உரசிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சூம்பிய காலில் பஞ்சின் மெத்தென்ற உராய்வு. அந்தக் கால் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாதையின் வெளிப்பக்கத்தில் காவல் நின்றது. மலைச்சாமி கடைசிக் குதிரையோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாப் பழக்கியிருக்கீகளே! எந்த ஊருக் குதிரைக்காரரு நீங்க?"

"சிலமலை. குதிரைக்காரன் இல்லண்ணே. ஸ்டோர்க்காரன்."

அந்தப் பாதையில் பிறகு எண்பத்தாறு வரைக்கும் அவர் ஏறி இறங்கினார். செவலை போய் வேறு குதிரைகள் வந்தன. மழையில், பனியில், எதிரே கை நீட்டினால் தெரியாத மேகத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து போவதைப் பார்த்த தோட்டத்துப் பெண்கள், முதுகு வலிக்கிறது என்று குனிந்து நிற்பவளைப் பார்த்து, "வெள்ளைத்துர அண்ணன் மாதிரி நிமிருடி," என்று சொல்லும் அளவுக்கு அது பழக்கப் பேச்சானது. நெட்டைப்பாறைக் காய்க்குப் போடியில் தனி மதிப்பு வந்தது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு அவர் இன்னும் தோட்டம் போய்ச் சேரவில்லை.

ஏலச்செடிகள் தொடங்குகிற நிழலில் இரண்டு பேர் வேகமாக இறங்கி வந்தார்கள். தோளில் ஒரு மூங்கில், அதில் கட்டித் தொங்கவிட்ட கம்பளி. முன்னால் வந்த பேச்சிமுத்து இவரைக் கண்டதும் திகைத்து நின்றான்.

"அண்ணே... நீங்க பொறப்பட்டு வர்றீகன்னு கீழயிருந்து வந்தவுக சொன்னாக. மொதலாளி பயந்துபோயி, தூக்கிட்டு வரச் சொன்னாரு."

"எங்கருந்து?"

"விழுந்து கெடக்குற எடத்துலருந்து."

"நான் விழுகலியே?"

"அதான்ணே, இப்ப என்ன செய்றதுன்னு தெரியல."

வெள்ளைத்துரை முதுகிலிருந்த துணிமூட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். "வந்ததுக்கு இதத் தூக்கிட்டு வாங்க. சும்மா போனா மொதலாளி வைவாரு."

முன்னால் செவலையும் பின்னால் கம்பளியில் ஆடிக்கொண்டு துணிமூட்டையுமாகத் தோட்டத்துக் களத்துக்குள் நுழைந்தார்கள். பெத்துராஜ் களத்தில் நின்றிருந்தார். முதல் காய் எடுப்புக்காக முன்கூட்டியே வந்துவிட்ட கன்னையன் ஸ்டோர்க் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, கதவிலிருந்து விலகி நின்றான்.

"ஒத்தையாவா வந்த?" என்றார் பெத்துராஜ். "ஏய், அவர எறக்கிவிடுங்கப்பா."

"இருங்க மொதலாளி. ஸ்டோர ஒரு சுத்து இப்பிடியே பாத்துருறேன்."

செவலையை ஸ்டோர்ச் சுவரையொட்டி மெதுவாக நடத்திக்கொண்டு போனார். குதிரை மேலிருந்து கையெட்டும் உயரத்தில், தரையில் நின்று பார்க்கிறவர் யாருக்கும் தெரியாத இடத்தில், கூரைக்கடியில் புகைக்குழாய் வெளியேறும் இடம் கண்ணுக்கு நேராக வந்தது. கயிற்றை இடது கைக்கு மாற்றினார். வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குழாய் மூட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்ஙன மூட்டு விட்டுப்போயிருக்கு மொதலாளி. சூடு பூராம் இது வழியாத்தான் போகும். பேச்சிமுத்து, கொஞ்சம் களிமண்ணு கொழைச்சுக் கொண்டா. நான் மேல இருக்கும்போதே அடைச்சிருவோம்."